சொந்தமா, வாடகையா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

“ஏம்மா, நீ காலேஜில படிக்கிற பிள்ளை. இந்த மாச வாடகை சமாச்சாரம் நமக்குக் கட்டுமா, கட்டாதா? பார்த்துச் சொல்லேன்.”

பொங்கல் விடுமுறைக்கு முன்தினம் எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. மாலை வேளைகளில் அவருடைய ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்குப் பின்னணி மாற்றி, முகத்திலுள்ள பருவை அழித்து, எட்டெட்டாக வரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பமும் செய்வதுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது முதல் கம்ப்யூட்டர் வரை எந்தச் சந்தேகம் வந்தாலும் எங்கள் தெருவில் என்னைத்தான் தேடி வருவார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. இந்தக் கேள்விக்கும் அப்படித்தான் “பார்த்துச் சொல்கிறேன் அண்ணா” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டூடியோவில் இருப்பது, பல ஆண்டுகளுக்கு முன் ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கிய ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு. இப்போது அப்படி வாங்க முடியாது. மாதச் சந்தா கட்டினால் வேலை செய்யும். கட்டுவதை நிறுத்தினால் நின்றுவிடும். அந்தச் சந்தாவும் ஏறிக்கொண்டே போவதாக உலகமெங்கும் புகைப்படக்காரர்கள் குமுறுகிறார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டா என்பதை அறிய, முதலில் இந்த மென்பொருள் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நால் என்ற மாணவர் 1987-இல் ஒரு சிறு நிரலை எழுதினார். அவருடைய கம்ப்யூட்டர் திரை கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டுமே காட்டக்கூடியது. அதில் சாம்பல் நிறச் சாயல்களையும் காட்டவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். திரைப்படத் தந்திரக் காட்சிகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்த அவருடைய சகோதரர் ஜான் நால் அதைப் பார்த்து, இதை வளர்க்கலாமே என்று தூண்டினார். இருவரும் உழைத்து உருவாக்கியதை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. இவர்களின் தந்தை கிளென் நால் அணுக்கதிர்களை அளப்பது பற்றிப் புகழ்பெற்ற பாடநூல் எழுதிய பேராசிரியர் என்பதும், அவர் வீட்டிலேயே ஒரு இருட்டறை இருந்தது என்பதும் இயற்பியல் மாணவியாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி. (எங்கள் துறையில் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாக வியக்கவில்லை.)

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒரு பண்டமாகவே விற்பனையாயிற்று. பெட்டியில் தகடு வரும். பணம் கொடுத்தால் உங்களுடையது. ஆண்டு ஒன்றிரண்டு கழித்துப் புதுப் பதிப்பு வரும். வேண்டுமென்றால் குறைந்த விலையில் மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பழையதோடு காலந்தள்ளலாம். 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்புக்கு அமெரிக்காவில் விலை 699 டாலர். முந்தைய பதிப்பு வைத்திருப்போர் மாற்றிக்கொள்ள 199 டாலர். அந்த வரிசையில் அதுவே கடைசிப் பதிப்பாகிவிட்டது. 2013 மே மாதம், இனிப் புதுப் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று நிறுவனம் அறிவித்தது. முப்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை. ஆயினும் புகைப்படக்காரர்களைச் சமாதானப்படுத்துவதுபோல் அவ்வாண்டின் பிற்பகுதியில், ஃபோட்டோஷாப்பையும் லைட்ரூம் என்ற இன்னொரு மென்பொருளையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குத் தருவதாகச் சொன்னது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு புதுப் பதிப்பு வந்தவுடனும் மாற்றிக்கொள்ளும் பழக்கமுள்ளவர், ஏறத்தாழ பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை 199 டாலர் செலவழித்தார். மாதத்துக்குப் பங்கிட்டால் 11 டாலர். அவருக்கு 9.99 டாலர் வாடகை லாபம்தான். லைட்ரூம் வேறு கூடவே வருகிறது. ஆனால் எங்கள் ஸ்டூடியோ அண்ணனைப் போல ஒருமுறை வாங்கிப் பத்தாண்டு ஓட்டுகிறவருக்குச் செலவு 699 டாலரோடு முடிந்தது. வாடகையில் பத்தாண்டுக்கு 1,198 டாலருக்கு மேல் ஆகிறது, முடிவில் கையில் எதுவும் மிஞ்சுவதும் இல்லை. ஆக, இது எல்லோருக்கும் நட்டம் என்று கூச்சலிடுவது சரியன்று. அடிக்கடி மாற்றுகிறவருக்கு நன்மை, சிக்கனக்காரருக்கு இழப்பு. நம் ஊர்ப் பக்கம் யார் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. புதுப் பதிப்பு வரும் ஆண்டில் பணம் கொட்டும், வராத ஆண்டில் வறண்டுவிடும் என்றால் நூற்றுக்கணக்கான பொறியாளர்களுக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுப்பது எளிதன்று. திருட்டு நகலும் உலகமெங்கும் மலிந்து கிடந்தது. பிழைகளை உடனுக்குடன் திருத்தவும் சந்தா முறை வசதி. தொடக்கத்தில் அவர்களும் அடி வாங்கினார்கள்: 2012 நிதியாண்டில் 440 கோடி டாலராக இருந்த வருமானம் 2013-இல் 405 கோடியாகக் குறைந்தது. பிறகுதான் ஏற்றம். 2024 நிதியாண்டில் அது 2,150 கோடி டாலரைத் தொட்டது.

அப்படியானால் கோபம் எங்கிருந்து வந்தது? விலை கூடியதுதான் காரணம் என்று முதலில் நானும் நினைத்தேன். பால் விலை ஏறுகிறது, பஸ் கட்டணம் ஏறுகிறது. நாலு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுகிறோம். இந்தக் கோபம் மட்டும் பத்தாண்டுக்கு மேலாக அடங்கவே இல்லையே, ஏன்? விடை எனக்கு வீட்டிலேயே கிடைத்தது.

என் அம்மா துணி தைப்பவர். அவரிடம் ஒரு அளவு நோட்டு உண்டு. தெருப் பெண்கள் அத்தனை பேரின் தோள், மார்பு, கை, இறக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அம்மா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆகவே எல்லாம் அவருக்கு மட்டுமே புரியும் சுழிகளும் கோடுகளும். ஒரு சுழி என்றால் கழுத்துப் பின்புறம் இறக்கம்; இரண்டு கோடு என்றால் கையில் பிடிப்பு. நான் எத்தனையோ முறை முயன்றும் அந்த நோட்டைப் படிக்க முடிந்ததில்லை. வேறு தையற்காரர் கையில் கொடுத்தால் அது வெறும் கிறுக்கல்.

லைட்ரூம் வேலை செய்வதும் இப்படித்தான். ஒரு படத்தை அதில் வெளிச்சமாக்கினால் மூலப் படம் மாறுவதில்லை. ‘இந்தப் படத்துக்கு வெளிச்சம் இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு திற, ஓரத்தை இங்கே வெட்டு’ என்ற குறிப்பு மட்டுமே ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. திரையில் காணும்போது அந்தக் குறிப்பைப் படித்து அந்த நேரத்துக்கு ஆக்கிக் காட்டுகிறது. மூலம் கெடாது, எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்பதால் இது அருமையான ஏற்பாடு. அண்ணனின் தந்தை நெகடிவின் மேல் கூர் பென்சிலால் டச்சிங் செய்த காலத்தில் கை தவறினால் அதைச் சரிக்கட்டுவது பெரும்பாடு. அந்த அச்சம் இன்று இல்லை.

ஆனால் அந்தக் குறிப்பின்படி படத்தை அச்சு அசலாக ஆக்கத் தெரிந்தது அந்த நிறுவனத்தின் மென்பொருள்களுக்கே. பத்தாண்டில் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் லட்சக்கணக்கான படங்களுக்குக் குறிப்பு எழுதி வைத்திருப்பார். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்? நேர்மையாகச் சொல்ல வேண்டும்: படங்கள் பறிபோவதில்லை. லைட்ரூமின் கிளாசிக் வகையைத் திறக்கலாம், படங்களைப் பார்க்கலாம், ஆக்கிய நிலையில் வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். வேறு மென்பொருளுக்குப் போனாலோ, மூலப் படம் வரும். பத்தாண்டு உழைப்பின் குறிப்பு அதே உருவில் கூட வராது. வீட்டைக் காலி செய்யலாம், ஆனால் சுவரில் பதித்த அலமாரியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

இப்போது விலையேற்றத்தைப் பாருங்கள். லைட்ரூம் தொடர்ந்து தனியாகவும் விற்கப்படும், அதுவும் காலவரையின்றி என்று 2013-இல் நிறுவனத்தின் தரப்பிலிருந்தே சொன்னார்கள். 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு அது நின்றது; 2017-இல் அதை வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார்கள். 2019 மே மாதம் சிலருக்கு மட்டும் 9.99 டாலர் திட்டம் மறைந்து 19.99 டாலர் தெரிந்தது. கேட்டபோது, சோதனை என்றார்கள். பிறகு 2024 டிசம்பரில் வந்தது அறிவிப்பு: 9.99 டாலர் திட்டம் 2025 ஜனவரி 15 முதல் புதியவர்களுக்கு இல்லை. ஏற்கனவே மாதாமாதம் கட்டுகிறவர்களுக்கு 14.99 டாலர். ஒரே எட்டில் பாதிக்குப் பாதி ஏற்றம். ஆண்டுப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டும் பழையவர்களுக்கு மட்டும் பழைய விலை. கையில் மொத்தப் பணம் இருப்பவனுக்குச் சலுகை, மாதாமாதம் புரட்டுகிறவனுக்குச் சுமை என்பது சீட்டுக்கடை முதல் அமெரிக்கா வரை ஒரே வழக்கம் போலும்.

எல்லா மென்பொருள்களும் சேர்ந்த பெரிய திட்டத்தின் கதையும் இதுவே. 2013-இல் மாதம் 49.99 டாலர். 2025 ஜூன் மாதம் வட அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவு வசதிகளையும் சேர்த்துப் பெயரை மாற்றி 69.99 டாலர் ஆக்கினார்கள். அந்த வசதிகளை நான் கேட்கவே இல்லையே என்பது பலரின் புகார். இட்லி கேட்டவனுக்கு வடையும் வைத்துக் காசு வாங்குகிற கதை. குறைந்த வசதியுள்ள திட்டம் ஒன்றும் பழைய சந்தாதாரருக்கு உண்டு. ஆனால் அதை அவர்களே தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

விட்டு வெளியேறுவதிலும் ஒரு முடிச்சு இருந்தது. மாதம் மாதம் கட்டும் திட்டம் என்று நினைத்துச் சேர்ந்தவர்களில் பலர் உண்மையில் ஓராண்டுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். இடையில் விலகினால் மீதிக் காலத் தொகையில் பாதியை அபராதமாகக் கட்ட வேண்டும். இந்த அபராதத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்ததாகவும், விலகும் வழியைச் சிக்கலாக்கியதாகவும் குற்றஞ்சாட்டி, 2024 ஜூன் மாதம் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் புகாரை விசாரித்து அனுப்பியிருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

போவதற்கு வேறு இடமே இல்லையா என்றால், உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-இல் தொடங்கிய ஜிம்ப் இன்றும் இலவசம். 2025 மார்ச்சில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டித்தான் பின்னணி மாற்றவே கற்றேன். இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் 2015 முதல் அஃபினிட்டி ஃபோட்டோவை ஒரே தடவை வாங்கும் முறையில் விற்றது. சந்தா வேண்டாதவர்கள் பெருமளவில் அங்கே போனார்கள். 2024-இல் கேன்வா நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. இலவசம் என்றதும் மகிழ்ந்தவர்களைவிட, நாளை இதற்கும் வாடகை வருமோ என்று சந்தேகப்பட்டவர்களே நிறையப் பேர். சூடு கண்ட பூனை.

இத்தனையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அண்ணனிடம் விளக்கினேன். அவர் பாதி கேட்டார். பாதியில் ஒரு குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, “அப்போ நிறுத்தினா நம்ம ஆல்பமெல்லாம் என்ன ஆகும்?” என்று அதை மட்டும் கேட்டார். அளவு நோட்டுக் கதையைச் சொன்னேன். சட்டென்று பிடிபட்டது அவருக்கு.

இப்போதைக்குப் பழைய கம்ப்யூட்டரே ஓடட்டும் என்று முடிவாகியிருக்கிறது. அது படுத்துவிட்டால் ஜிம்ப்பில் பாஸ்போர்ட் வேலையைப் பார்த்துக்கொள்வது. கல்யாண சீசன் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது, அதுவும் ஓராண்டுக் கட்டு இல்லாத திட்டமா என்று நான் படித்துச் சொன்ன பிறகு. அதற்கிடையே, முடிந்த ஆல்பங்களை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரணப் படக் கோப்புகளாக மாற்றி இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். தினம் ஒரு மணி நேரம் கூடுதல். அதற்குத் தனியாகக் காசு. 2014 வரை முடித்திருக்கிறேன். அம்மாவின் நோட்டையும் விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுத்தில் பெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். “இதெல்லாம் எதுக்குடி?” என்கிறார், ஆனால் சுழிகளுக்குப் பொருள் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.