ஆடும் நாற்காலிக்கு எந்த மோட்டார்?

(நமது நிருபர்)

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் சுமை தூக்கும் நம்மவர் ஒருவரின் மகன் ஐ.டி.ஐ. மாணவன். கம்ப்யூட்டர் திரையில் கார் வளைந்தால் கூடவே சாயும் நாற்காலி செய்ய ஆசைப்பட்டான். தந்தை சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலை உயர்த்தும் திருகு மோட்டார் இரண்டு வாங்கினான். ஆளை அநாயாசமாகத் தூக்கியது. ஆனால் வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டர்தான். திரையில் கார் வளைவைக் கடந்த பிறகே நாற்காலி சாய்ந்தது! விற்ற மோட்டாரைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

பலம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்பதே பாடம்.

இந்தத் தேர்வு பெரியவர்களுக்கும் உண்டு. இவ்வூர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்-200 ராக்கெட் பூஸ்டரின் புகைவாயைத் திருப்புவது எண்ணெய் அழுத்தக் கருவி. ககன்யானுக்காக மாற்றியமைத்து, 2022 மே 13-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் சோதித்த பூஸ்டரில் அந்த வேலையை மின்மோட்டார் கருவி செய்தது.

விமானிகள் பயிலும் பெரிய சிமுலேட்டர்கள் ஆறு கால்களில் நிற்கின்றன. ஸ்டூவர்ட் என்பவர் 1965-ல் விளக்கிய அமைப்பு அது. அங்கே முழுப் பாரமும் கால்களின் மேல்தான். வீட்டுக்கு அது கட்டாது.

எளிய வழி வேறு. நடுவில் ஒரு தூண். அதன் தலையில் பழைய ஜீப்பின் யூனிவர்சல் ஜாயின்ட். பாரம் தூணுக்கு, சாய்ப்பது மட்டும் மோட்டாருக்கு.

கணக்கைப் பாருங்கள். சாய்க்க 20 கிலோ விசை தேவை, மோட்டாரின் கிராங்க் 5 சென்டிமீட்டர் நீளம் என்றால், 100 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு வேண்டும். அரை விநாடியில் 10 சென்டிமீட்டர் நகர, நிமிடத்துக்கு 60 சுற்று வேண்டும். லாரி வைப்பர் மோட்டார் இதற்கு நெருங்கி வரும். ஆனால் சீட்டில் உள்ள பெரிய எண், மோட்டார் திணறி நிற்கும் அளவாக இருக்கலாம். ஓடும்போது கிடைப்பது அதைவிடக் குறைவே.

கை நசுங்காதபடி தடுப்பும், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் நிறுத்தும் சுவிட்சும் அவசியம்.

பையன் இப்போது பழைய இரும்புக் கடையில் வைப்பர் மோட்டார் தேடுகிறான். இம்முறை கையில் பணத்துடன் கணக்குத் தாளும் இருக்கிறது.