எண்ணூறாவது விக்கெட்டும் ஒரு பிரியாவிடையும்

தமிழர் இல்லங்களிலே ஒரு வழக்கம் உண்டு. வாசற்படி தாண்டும்போது "போகிறேன்" என்று எவரும் சொல்வதில்லை. "போய் வருகிறேன்" என்றே சொல்வர். வாய் தவறிப் "போகிறேன்" என்று சொல்லிவிட்ட பிள்ளையைப் பாட்டி திரும்ப உள்ளே அழைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவைத்து, சரியாகச் சொல்லவைத்த பின்னரே வழியனுப்புவாள். திரும்பி வருதல் என்ற ஒன்று இல்லாமற் பிரிவை எண்ணிப் பார்க்க நம்மவர் மனம் ஒப்புவதில்லை.

ஆயினும், "போய் வருகிறேன்" என்று சொல்ல இயலாத பிரிவுகளும் உலகில் உள்ளன. விளையாட்டு வீரன் ஒருவன் களத்தை விட்டு நீங்கும் நாள் அவற்றுள் ஒன்று. அவன் நலமாக இருப்பான். நாளையே தெருவில் அவனைக் காணவும் கூடும். ஆனால், பந்தைக் கையில் ஏந்தி, கண்கள் அகல விரிய, சிறு நடையாய் ஓடிவருகிற அந்த உருவத்தை இனிக் காண முடியாது. 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி, வியாழக்கிழமை, காலி மைதானத்தில் முத்தையா முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றதை, இத்தீவின் மேற்குக் கரையிலே, தில்லையடியில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் இருந்தவாறு நாம் பார்த்தோம். அன்று கண்டதும் கேட்டதும் இன்றும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மலையகத்தின் மைந்தன்

முரளிதரன் 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியிலே பிறந்தவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காக 1920இல் தமிழகத்திலிருந்து வந்தவர். பிற்காலத்தில் அவர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட, மைந்தர்கள் இந்நாட்டிலேயே தங்கிவிட்டனர். அவர்களுள் ஒருவரான முத்தையா, கண்டிப் பகுதியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அவருடைய புதல்வரே நம் வீரர்.

மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இச்சிறு குறிப்பிலேயே ஒரு பெருங்கதை புலப்படும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சி நின்றோரின் பிரசாவுரிமைக் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. இத்தகைய சமூகத்திலிருந்து வந்த ஒருவர், நாடு முழுவதும் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ளும் வீரராக உயர்ந்தார் என்பது சிறிய செய்தியன்று.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவன், பயிற்சியாளரின் அறிவுரைப்படி, பதினான்கு வயதளவிற் சுழற்பந்துக்கு மாறினான். 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கொழும்பு கெத்தாராமை மைதானத்தில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை முரளிதரன் ஆடினார். அதில் அவருக்குக் கிடைத்த முதல் விக்கெட் கிரேக் மக்டெர்மட்டினுடையது. அப்போது நாம் பள்ளி மாணவர். ஓட்டக் கணக்கை அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, கணித ஆசிரியரிடம் அடி வாங்கிய காலம் அது.

வளைந்த முழங்கை

புகழோடு பழியும் அவரைத் தொடர்ந்தது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ண் மைதானத்திலே, பெருங்கூட்டத்தின் முன்னிலையில், நடுவர் டாரல் ஹெயார் அவருடைய பந்துகளை 7 முறை முறையற்ற பந்துகள் என அறிவித்தார். முழங்கையை மடக்கிப் பின் நிமிர்த்தி எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. 1999இல் அடிலெய்டில் மற்றொரு நடுவர் அவ்வாறே அறிவித்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியினரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று நின்றதை அறியாதார் யார்?

உண்மை என்னவென்றால், முரளிதரனின் வலக்கை முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராத அமைப்புடையது. பேர்த் நகரிலுள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1996இல் அவரைப் பரிசோதித்த அறிஞர், அவர் எறிவதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்று கூறினர். பின்னர் நுண்ணிய படக்கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, குறையற்றவர் என்று கருதப்பட்ட பந்து வீச்சாளர் பலரும் ஓரளவு கையை நிமிர்த்துகின்றனர் என்பது தெரியவந்தது. அதன் பயனாக, எல்லோருக்கும் 15 பாகை வரை இடமளிக்கும் விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் இடையில் அவர் கையாண்ட ஆயுதம் புன்னகை ஒன்றே. வசை கேட்ட மைதானங்களுக்கே மீண்டும் மீண்டும் சென்று பந்து வீசினார்.

எட்டு விக்கெட்டுகளின் தூரம்

2010ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், இந்தியாவுடனான தொடரின் முதலாவது டெஸ்ட்டே தம் இறுதி டெஸ்ட் என்று முரளிதரன் அறிவித்தபோது, அவருடைய கணக்கில் 792 விக்கெட்டுகள் இருந்தன. எண்ணூறுக்கு எட்டுக் குறைவு. தொடரிலே மூன்று ஆட்டங்கள் இருந்தன. மூன்றையும் ஆடினால் எண்ணூறு எளிதில் கைக்கு வந்திருக்கும். அவரோ ஓர் ஆட்டத்தோடு போதும் என்றார்.

வரலாறு இத்தகைய தருணங்களில் எப்போதும் இரக்கம் காட்டியதில்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் திகதி, இலண்டன் ஓவல் மைதானத்தில் டொன் பிராட்மன் தம் கடைசி இன்னிங்ஸை ஆட வந்தார். நான்கே ஓட்டங்கள் பெற்றிருந்தால் அவருடைய சராசரி நூறாக நிறைவுற்றிருக்கும். எரிக் ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே, ஓட்டமெதுவும் பெறாமல் ஆட்டமிழந்தார். அதற்கு மாறாக, அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் பொஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ், 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, தாம் கடைசியாக மட்டையேந்திய தருணத்தில் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டு விடைபெற்றார். பிராட்மனுக்கு நேர்ந்ததா, வில்லியம்ஸுக்கு வாய்த்ததா, எது நம்மவருக்கு என்பதே அந்த ஐந்து நாட்களும் எம் மனத்தை அலைக்கழித்த வினா.

காலி மைதானமும் ஒருமுறை மாண்டு பிழைத்த மைதானம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அதைச் சிதைத்தது. மூன்று ஆண்டுகளின் பின்னரே அங்கு மீண்டும் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. இந்த ஆட்டத்திலும் இரண்டாம் நாள் முழுவதையும் மழை விழுங்கிற்று. நம் பதற்றம் கூடிற்று. இலங்கை 8 விக்கெட்டுகளுக்கு 520 ஓட்டங்கள். இந்தியா முதல் இன்னிங்ஸில் 276. அதில் முரளிதரன் 63 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; அவற்றுள் டெண்டுல்கருடையதும் தோனியுடையதும் அடங்கும். இந்தியா தொடர்ந்து மீண்டும் ஆட நேர்ந்தது. இன்னும் மூன்று வேண்டும். நான்காம் நாளில் யுவராஜ் சிங், ஐந்தாம் நாள் காலையில் ஹர்பஜன் சிங். எண்ணிக்கை 799.

தேநீர்க் கடையில்

பாடசாலை விட்டதும் நாம் நேரே கடைக்குச் சென்றோம். தில்லையடி புத்தளம் நகரை அடுத்த ஊர்; களப்பிலிருந்து வரும் உப்புக்காற்று ஓயாத ஊர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். தில்லையடியும் அவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்களுள் ஒன்று. கடைக்காரரும் அவ்வாறு வந்தவரே. கடையின் மூலையில், வெற்றிலைத் தட்டத்தோடு அமர்ந்திருந்த அவருடைய மாமனார், யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலே பிறந்து வளர்ந்தவர். அப்போது அவருக்கு எழுபது வயதிருக்கும்.

லக்ஷ்மண் 69 ஓட்டங்களோடு ரன் அவுட் ஆனார். கடையிலே ஒரு பெருமூச்சு எழுந்தது. களத்தில் எஞ்சியவர் இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும். இனி விழவேண்டியது ஒரே விக்கெட். அதை மாலிங்க வீழ்த்தினாலும் போயிற்று. மற்றொரு ரன் அவுட் நேர்ந்தாலும் போயிற்று. 799 என்பது கல்லிற் பொறித்த எழுத்தாகிவிடும். முரளிதரன் ஓவர் மேல் ஓவராக வீசிக்கொண்டிருந்தார். கடைசி மட்டையாளர் இருவரோ எதற்கும் அசைவதாயில்லை.

இளைஞர்கள் பொறுமை இழந்து கூச்சலிட்டனர். அப்போது மூலையிலிருந்து பெரியவரின் குரல் கேட்டது:

"அந்த ஓஜா தம்பி இன்னும் கொஞ்ச நேரம் நிண்டு ஆடட்டும். அவர் நிண்டாத்தானே இவர் இன்னும் நாலு பந்து போடுவார்?"

அனைவரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம். ஆனால் அடுத்த ஓவரிலேயே அவ்வார்த்தையின் பொருள் எம்மைச் சுட்டது. எண்ணூறாவது விக்கெட் விழவேண்டும் என்று நாம் வேண்டிக்கொண்டிருந்தோம். அது விழும் கணத்தில், இனி முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு பந்தும் வீசப்போவதில்லை. எதை வேண்டினோமோ அதுவே பிரிவு. அதை முதலிற் கண்டுகொண்டவர் பந்து வீச்சின் நுணுக்கம் எதுவும் அறியாத அம்முதியவரே.

அதன் பின் ஓஜா தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் நாம் உள்ளூர மகிழ்ந்தோம். நாட்டுக்குத் துரோகம் என்று எவரேனும் சொன்னாலும் சொல்லட்டும்.

இறுதியில் அந்தப் பந்தும் வந்தது. ஓஜாவின் மட்டையின் ஓரத்தைத் தொட்டு, ஸ்லிப்பில் நின்ற மகேல ஜயவர்தனவின் கைகளில் அடைக்கலம் புகுந்தது. டெஸ்ட் ஆட்டங்களில் முரளிதரனின் பந்தை ஜயவர்தன பிடித்தது அது 77ஆம் முறை. முரளிதரன் டெஸ்ட் வாழ்வில் வீசிய 44,039ஆவது பந்து அது. கடைசிப் பந்தும் அதுவே. கடையிலிருந்த மேசைகள் அதிர்ந்தன; குவளைகள் உருண்டன; வீதியிற் சென்ற முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்திவிட்டு உள்ளே ஓடிவந்தார். பிறகு எவரும் சொல்லாமலே ஓர் அமைதி பரவிற்று. இலங்கை விக்கெட் இழப்பின்றி 96 ஓட்டங்களைப் பெற்று வென்றதையும், தோழர்கள் அவரைத் தோளிற் சுமந்து மைதானத்தை வலம் வந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொல்லிவிட்டுப் போதல்

"குடுத்து வைச்ச மனிசன், சேர்," என்றார் பெரியவர். "நாளும் தானே குறிச்சு, எல்லாருக்கும் சொல்லிப்போட்டுப் போறார். எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தாங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியிட்ட ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திட்டம். முப்பது வருசம் வேலிக்கு மேலால கறிச்சட்டி கைமாறின வீடு."

அவர் வேறெதுவும் கூறவில்லை. வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டார்.

மறு ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்று வந்தார். தம் வீட்டிற் கூரை இல்லை என்றார்; அதை இயல்பாகவே சொன்னார். அடுத்த வீட்டில் வேறு எவரோ குடியிருந்தனராம். "யாரிட்டச் சொல்லுறது, சேர்?" என்று கேட்டபோதுதான் அவர் குரல் தழுதழுத்தது.

முரளிதரனோ ஒருநாள் ஆட்டங்களில் மேலும் சில மாதங்கள் ஆடினார். 2011ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி, உலகக் கிண்ண அரையிறுதியில், தாய்நாட்டு மண்ணில் தாம் வீசிய கடைசிப் பந்திலும் ஸ்கொட் ஸ்டைரிஸின் விக்கெட்டை வீழ்த்தினார். பின்னாளில் அரசியல் பற்றி அவர் கூறிய சில கருத்துகள் தமிழர் பலரின் உள்ளத்தைப் புண்படுத்தின. அவருடைய வாழ்க்கையைக் கூறும் திரைப்படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பின் காரணமாக 2020இல் விலகிக்கொண்டார். வேறொரு நடிகரைக் கொண்டு அப்படம் 2023இல் வெளிவந்தது. அவருடைய எல்லாக் கருத்துகளுக்கும் உடன்பட்டவர் அல்லோம் நாம். ஆயினும் அந்தப் பிற்பகலை எம்மால் மறுக்க இயலவில்லை. நேசித்த ஒருவரோடு பின்னர் முரண்பட நேர்ந்தாலும், நேசித்த நாள் பொய்யாகிவிடுவதில்லை.

133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். இன்றுவரை எவரும் அதை எட்டவில்லை. ஒருநாள் யாரேனும் எட்டுவர். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கென்றே உள்ளன. ஆனால் நாம் அன்று கற்றுக்கொண்டது எண்ணைப் பற்றியதன்று. தாமே நாள் குறித்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பிரிவது எத்துணை அரிய பேறு என்பதை, அது வாய்க்கப்பெறாத ஒருவரின் அருகில் அமர்ந்து அறிந்தோம்.

பெரியவர் இன்று இல்லை. கடையை அவருடைய பேரன் நடத்துகிறான். ஒவ்வோர் ஆண்டும் உயர்தர வகுப்பு மாணவர் கல்லூரியை விட்டு நீங்கும் கடைசி நாளில், பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இக்கதையை அவர்களுக்குச் சொல்வது எம் வழக்கம். அண்டை வீட்டாரிடம், காவலாளியிடம், சிற்றுண்டிச்சாலை அம்மாவிடம், ஒருவர் விடாமற் சொல்லிக்கொண்டு போங்கள் என்போம். மணி அடிக்கும். வாசலண்டை சற்று நின்று, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சொல்வார்கள்:

"போயிட்டு வாறம், சேர்."