வறட்சியும் பெருமழையும் தேயிலைச் செடியும்

தலவாக்கலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாது தோன்றுவது தேயிலைச் செடி. தை, மாசி மாதங்களில் அதற்கு நீர் போதாது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களிலோ நீர் மிகுந்துவிடும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறான துன்பங்கள் என்றே பலரும் எண்ணுவர். ஆயினும் இரண்டும் தாக்கும் இடம் ஒன்றே. அது வேர்.

முதலில் வறட்சியைக் கவனிப்போம். வேர் உறிஞ்சும் நீரிற் பெரும்பகுதி இலையிலுள்ள நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. மண் காயும்போது செடி அத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சுகிறது, ஆனால் அதே வழியாக உட்புக வேண்டிய கரியமிலவாயுவும் தடைப்படுகிறது. அதனால் உணவாக்கம் குன்றி, கொழுந்து நீளாது நின்றுவிடுகிறது. விதையிலிருந்து வளர்ந்த செடிக்கு ஆணிவேர் உண்டு; அது ஆழத்து ஈரத்தைத் தேடிச் செல்லும். வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்த செடிக்கு ஆணிவேர் இல்லையாதலால், இளமையில் அது விரைவில் வாடும். கவ்வாத்து செய்த செடியோ வேரிலே சேமித்த மாப்பொருளைக் கொண்டுதான் மறுபடி தளிர்க்க வேண்டும். அச்சேமிப்புக் குன்றியிருந்தால் கிளைகள் கருகும். சில வேளை செடியே மடியும்.

1991ஆம் ஆண்டில் ஏறத்தாழ 24 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை விளைச்சல், வறட்சி கண்ட 1992இல் 18 கோடி கிலோவுக்கும் கீழே இறங்கியது. கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடும் என்பதைத் தோட்டத்து மக்கள் நன்கறிவர்.

இனிப் பெருமழை. வேரும் உயிருள்ள உறுப்பு. அதுவும் மூச்சுவிட வேண்டும். மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்றை நீர் வெளியேற்றி, அவ்விடத்தில் நாட்கணக்கில் தேங்குமாயின், வேர்கள் மூச்சடைத்து அழுகுகின்றன. அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. ஆகவே நீர் சூழ நின்றும் செடி வாடுகின்ற விந்தையைக் காணலாம். மப்பும் மூடுபனியும் நீடித்தால் இளந்தளிரைக் கொப்புள நோயும் பற்றுகிறது. இலங்கையில் அந்நோய் 1946இல் முதன்முதலாகக் காணப்பட்டது.

இவற்றினும் பெரிய இழப்பு மண்ணிழப்பாகும். மழைநாளில் கொத்மலை ஓயா கலங்கி ஓடுவதைப் பலரும் கண்டிருப்பர். அக்கலங்கலில் செல்வது சரிவுகளின் மேல்மண். மக்கிய தழைகள் கலந்த அம்மேல்மண்ணே ஈரத்தைப் பிடித்துவைப்பது. ஆடி மழை அதை அள்ளிச் சென்றால், அடுத்த மாசி வெயிலில் செடிக்கு ஈரம் தர எதுவும் மிஞ்சாது. ஒரு பருவத்தின் வெள்ளமே மறு பருவத்தின் வறட்சியைக் கடுமையாக்குகிறது.

ஆதலால் இரு துன்பங்களுக்கும் மருந்து ஒன்றே: மண்ணைக் காத்தல். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி நீரை மெல்ல வடியவிடல், வெற்றிடங்களை மூடிவைத்தல், நிழல்மரம் பேணல் ஆகியன இதற்கு வழிகள். பழஞ்செடிகளைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் மானாப்புல், குவாட்டமாலாப்புல் ஆகியவற்றை வளர்த்து மண்ணைத் தேற்றும் முறையைத் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்து வந்துள்ளது. கவ்வாத்து மிலாறு அடுப்புக்கு விறகாவது வழக்கம். அதில் மெல்லிய கிளைகளையும் இலைகளையுமாவது செடியடியில் விட்டுவைத்தால், மழையில் மண்ணுக்குப் போர்வையாகவும், வெயிலில் ஈரத்துக்குக் காவலாகவும் அவை அமையும். வறட்சிக்கு ஆயத்தம் செய்யவேண்டிய காலம் மழைக்காலமே.