தேடும் சொற்கள் சொல்லும் சேதி

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வெட்கம். டாக்டரிடம் கேட்கத் தயக்கம். மேலதிகாரியிடம் கேட்கவோ பயம். இப்படி வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகளை எல்லாம் மனிதன் இன்று செல்போனில் தட்டிக் கேட்டு விடுகிறான். ஒருவர் கேட்டால் அது அவருடைய சொந்த விஷயம். கோடிப் பேர் கேட்டால் அது ஒரு நாட்டின் நாடித் துடிப்பு!

இந்த நாடியைப் பிடித்துப் பார்க்கும் வசதி 2006ம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்குக் கிடைத்தது. கூகுள் கம்பெனி தொடங்கிய "கூகுள் டிரெண்ட்ஸ்" என்ற பகுதியே அது. எந்தச் சொல்லை, எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் மக்கள் அதிகமாகத் தேடினார்கள் என்பதை அதில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். 2004 முதலான கணக்கு அதில் இருக்கிறது. தேடியவர் பெயர் மட்டும் வராது.

ஓர் உடுப்பு செய்த மாற்றம்

மக்கள் தேடுவதைப் பார்த்து இயந்திரமே தன்னை மாற்றிக்கொண்டதும் உண்டு. 2000ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த கிராமி விருது விழாவுக்குப் பாடகி ஜெனிபர் லோபஸ் பச்சை நிற உடுப்பு ஒன்றில் வந்தார். அதைப் பார்க்க மக்கள் கூகுளில் மொய்த்தனர். ஆனால் கூகுளிடம் அப்போது இருந்தது எழுத்துக்களைத் தேடித் தரும் வசதி மட்டுமே. மக்கள் கேட்டதோ படம்! அடுத்த ஆண்டு ஜூலையில் படங்களைத் தேடும் பகுதி பிறந்தது. இதைப் பின்னாளில் எழுதியவர் கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட்.

2001 செப்டம்பர் 11ந் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோதும் இதே கதைதான். பதறிப்போய்ச் செய்தி தேடியவர்களுக்குப் பழைய பக்கங்களே கிடைத்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர் கிருஷ்ண பரத் இந்தக் குறையைப் போக்க முனைந்தார். பல பத்திரிகைகளின் செய்திகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் "கூகுள் நியூஸ்" 2002ல் வெளிவந்தது.

வாழ்ந்து மறைந்த சொற்கள்

தேடும் சொற்களுக்கும் இளமை உண்டு, முதுமை உண்டு. 2004 ஜனவரியில் தொடங்கிய "ஆர்குட்" இந்திய இளைஞர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி அதில் நண்பர் சேர்த்தவர்கள் ஏராளம். அந்தச் சொல்லின் வரைகோடு மலைபோல் ஏறிற்று. பின்னர் "பேஸ்புக்" ஏற ஏற, ஆர்குட் இறங்கிற்று. 2014 செப்டம்பர் 30ந் தேதி கம்பெனி அதை மூடியது. மூடுவதற்கு வெகு முன்பே மக்கள் வெளியேறி விட்டதை வரைகோடு சொல்லி விட்டது.

கேட்பவர்களும் மாறி இருக்கிறார்கள். முன்பு கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, இங்கிலீஷில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்தான் தேட முடியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் செல்போனில் இன்டர்நெட் மலிவாயிற்று. 2017 ஆகஸ்டில் தமிழில் பேசியே தேடும் வசதியும் வந்தது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத கொத்தனாரும், கண் மங்கிய பாட்டியும் கேள்வி கேட்கத் தொடங்கினர்.

அதே 2016ல்தான், நவம்பர் 8ந் தேதி இரவு 8 மணிக்கு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். பாங்கு வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது எப்படி என்ற தேடல் அப்போது இந்தியாவில் விறுவிறுவென்று ஏறியது. பொதுமேடையில் யாரும் கேட்காத கேள்வி, கேள்விப் பெட்டியில் பகிரங்கமாகி விட்டது!

டாக்டர்களை முந்திய இயந்திரம்

இத்தனை சக்தி வாய்ந்த கருவியை நோய் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினால் என்ன? 2008 நவம்பரில் கூகுள் அந்தச் சோதனையில் இறங்கியது. அமெரிக்காவில் ப்ளூ ஜுரம் எவ்வளவு பரவி இருக்கிறது என்பதை டாக்டர்களின் அறிக்கைகளைத் திரட்டி அரசாங்கம் சொல்ல ஒன்று, இரண்டு வாரம் ஆகும். ஜுரம் வந்தவரோ டாக்டரிடம் போகுமுன்பே கூகுளில் தேடுகிறார். ஆகவே 5 கோடி தேடல் சொற்களை அலசி, ஜுரக் கணக்கோடு ஒத்துப்போகும் 45 சொற்களைப் பொறுக்கி எடுத்தனர். அவற்றை வைத்து அன்றன்றைய நிலவரத்தைச் சொன்னார்கள். "நேச்சர்" என்ற புகழ்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகை இதை வெளியிட்டது. உலகமே வியந்தது.

ஆனால் நடந்தது என்ன? 2009ல் பன்றிக் காய்ச்சல் கிளம்பியபோது இயந்திரம் குறைவாக மதிப்பிட்டு விட்டது. 2012-13 குளிர்காலத்தில் நேர்மாறாக, அரசாங்கக் கணக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சொன்னது. ஆராய்ச்சியாளர்கள் 2014ல் "சயன்ஸ்" பத்திரிகையில் குட்டை உடைத்தனர். 2011 ஆகஸ்டிலிருந்து பார்த்த 108 வாரங்களில் 100 வாரம் அது கூடுதலாகவே சொல்லி இருந்தது! 2015ல் இந்தக் கணிப்பை வெளியிடுவதைக் கூகுள் நிறுத்திக்கொண்டது.

காரணம் எளிது. ஜுரம் வந்தவர் மட்டும் ஜுரத்தைப் பற்றித் தேடுவதில்லை. டெலிவிஷனில் செய்தி பார்த்துப் பயந்தவரும் தேடுகிறார். நாம் இரண்டு எழுத்துத் தட்டுமுன்பே மீதியைக் கூகுளே எடுத்துக் கொடுக்கிறது. அப்படி வந்த சொல் மக்கள் கேட்டதா, இயந்திரம் கேட்க வைத்ததா? ஆனால் டாக்டர்களின் பழைய கணக்கையும் இயந்திரத்தின் புதிய கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், தனித்தனியாகப் பார்ப்பதைவிடப் பலன் நன்றாக இருந்தது என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டியது. தேடல் கணக்கு துணைக்கு வரலாம். தலைமை தாங்கக் கூடாது.

பூஜ்யம் என்றால் யாருமே இல்லையா?

டிரெண்ட்ஸ் காட்டும் எண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 100 என்று போட்டிருந்தால் 100 பேர் என்று பொருளல்ல. தேர்ந்தெடுத்த காலத்தில் மற்றத் தேடல்களோடு ஒப்பிடும்போது அந்தச் சொல்லின் பங்கு எப்போது உச்சத்தில் இருந்ததோ, அதுதான் 100. மீதி எல்லாம் அதை ஒட்டிய அளவு. எத்தனை பேர் என்பதை அது சொல்வதே இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதென்று 2016 ஜூனில் வாக்களித்த மறுநாள், "ஐரோப்பிய யூனியன் என்றால் என்ன?" என்று அந்நாட்டு மக்கள் தேடுவதாகச் செய்தி வந்து உலகமே சிரித்தது. ஆனால் கூகுள் சொன்னது கேள்விகளின் வரிசையை மட்டுமே. கேட்டவர் எத்தனை பேர் என்பதை அல்ல!

இதில் வெளிமாநிலத்தில் வாழ்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாராவியில் உட்கார்ந்து தமிழில் தேடினால், அது மகாராஷ்டிரத்தின் கணக்கில் சேரும். மாநிலம் முழுவதும் பார்க்கும்போது அந்தச் சொல்லைத் தேடியவர்கள் மிகவும் குறைவாக இருந்தால், டிரெண்ட்ஸ் அதற்குப் பூஜ்யம் போட்டு விடும். கேட்டவர்கள் இருக்கிறார்கள், கணக்கில் இல்லை. ஒரே போனை எட்டுப் பேர் பயன்படுத்தும் தொழிலாளர் கொட்டகையில், எட்டுப் பேரின் கவலையும் எத்தனை கேள்வியாகப் பதிவாகும்?

எது அதிகம் தேடப்படுகிறது என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். பாங்கு, காஸ், டிக்கெட் பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்கு உதவி நம்பர் தேடுவோரைக் குறிவைத்துப் பொய் நம்பர்களைப் போட்டு வைக்கிறார்கள். பாங்கு அட்டையிலும் பாஸ் புத்தகத்திலும் அச்சிட்ட நம்பரே பத்திரம். ஏமாந்து விட்டால் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

கொரோனா காலம் இரண்டு பக்கங்களையும் காட்டியது. 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் சிலிண்டருக்கான தேடல் இந்தியாவில் செங்குத்தாக ஏறியது. நாட்டின் மூச்சுத் திணறல் அந்தக் கோட்டில் அப்படியே தெரிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2020 மே 1ந் தேதி முதல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக ஷ்ரமிக் ஸ்பெஷல் ரயில்கள் விடப்பட்டபோது, பல மாநிலங்களில் இன்டர்நெட்டில் பதிவு செய்யச் சொன்னார்கள். தட்டத் தெரிந்தவர் தட்டினார். தெரியாதவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நின்று, காகிதத்தில் பெயர், வயது, ஊர் எழுதிக் கொடுத்தனர். அந்தக் காகிதப் பட்டியலில் இருந்த பெயர்கள் எந்த வரைகோட்டிலும் ஏறவில்லை. ஆனால் ரயிலில் இடம் கொடுக்க உதவியது அந்தப் பட்டியல்தான்.