மடுவில் திருத்தந்தை சொன்னது என்ன? சந்தேகங்களும் விளக்கங்களும்

2015 ஜனவரி 14ஆம் திகதி பிற்பகல், திருத்தந்தை பிரான்சிஸ் இலங்கையின் வடக்கே மடுவில் உள்ள மருதமடு அன்னையின் ஆலயத்துக்கு வந்தார். அன்று காலையில்தான் கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்திருந்தார். மடுவில் அவர் பேசியது சிறிய உரை. ஆனால் அதைப் பற்றி அன்று வந்த செய்திகள் கிளப்பிய சந்தேகங்கள் பத்து ஆண்டுகள் கடந்தும் தீரவில்லை. தலைப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு அவற்றில் பாதி நியாயமாகவே தோன்றும்.

பாதிக்கப்பட்ட மக்களிடம் வந்து, "மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாரே?

அதிகம் பேர் கேட்பதும் அதிகம் பேரைப் புண்படுத்தியதும் இந்தக் கேள்விதான். அன்றைய செய்திகள் பல, மன்னிப்புக்கும் நல்லிணக்கத்துக்கும் அழைப்பு என்ற அளவில் உரையைச் சுருக்கின. முழு உரையில் மன்னிப்பு தனியாக வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. நாம் எத்தகைய தீமைக்கு வல்லவர்கள், எந்தத் தீமையில் பங்கும் வகித்திருக்கிறோம் என்பதைச் சிலுவையின் ஒளியில் உணர்ந்தால்தான் உண்மையான மனவருத்தமும் மனந்திரும்புதலும் வரும் என்றார். அதன் பிறகே ஒருவரையொருவர் அணுகி மன்னிப்பைக் கொடுக்கவும் கேட்கவும் முடியும் என்றார்.

கொடுப்பதோடு கேட்பதையும் சேர்த்தே அவர் சொன்னார். கேட்கவேண்டியவர் யார் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. மனந்திரும்புதலை வெட்டிவிட்டு மன்னிப்பை மட்டும் தலைப்பாக்கியபோது, பாரம் முழுவதும் இழப்பைச் சுமந்தவர்கள் தலையில் விழுந்தது. இடம் போதாமல் சுருக்கியதுதான் என்றாலும், அது சிறிய பிழையல்ல.

இன்னொன்று. முதல்நாள், 13ஆம் திகதி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதுமே, காயங்கள் ஆற உண்மையைத் தேடுவதும் வேண்டும், அது பழைய புண்களைக் கிளறுவதற்காக அல்ல, நீதிக்கும் ஒற்றுமைக்கும் அவசியமான வழி என்று பேசியிருந்தார். அது ஒரு நாள் செய்தி, மடு மறுநாள் செய்தி. இரண்டையும் சேர்த்து வாசித்தவருக்குத்தான் அவர் சொல்லவந்தது முழுதாகக் கிடைக்கும்.

மடுவில் நடந்த கொலைகளை அவர் ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை?

நாளும் எண்ணிக்கையும் சொல்லவில்லை, உண்மை. ஆனால் இந்த இடத்தோடு பிணைந்த துயர நிகழ்வுகளையும், அன்னையின் திருச்சொரூபம் இங்கிருந்து எடுத்துச்செல்லப்பட்ட நாளையும் எந்த இலங்கையரும் மறக்கமுடியாது என்றார். அங்கே நின்றவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1999 நவம்பர் 20ஆம் திகதி, ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அரசும் விடுதலைப் புலிகளும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, குருக்கள் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அன்னை திரும்பி வந்தார்.

வெளிநாட்டு வாசகருக்கு இதையெல்லாம் சொல்ல ஒரு பந்தியாவது வேண்டும். போரால் பாதிக்கப்பட்ட வடபகுதி என்ற ஒற்றை வரியோடு கடந்துபோன செய்தியில் உரை மொட்டையாகத்தான் நிற்கும். அவரை வரவேற்ற மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், இறுதிப் போருக்குப் பின் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டவர். அந்த ஒரு விவரத்தைச் சேர்த்திருந்தால் செய்தியின் கனமே வேறு.

தேர்தலுக்காக ஒழுங்குசெய்த பயணமா?

இல்லை. பயணம் 2014 ஜூலையிலேயே அறிவிக்கப்பட்டது. ஜனாதிபதித் தேர்தலுக்கான பிரகடனம் நவம்பரில்தான் வந்தது. 2015 ஜனவரி 8இல் வாக்களிப்பு நடந்து, அதுவரை ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்ச தோற்று, மைத்திரிபால சிறிசேன பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் திருத்தந்தை வந்திறங்கினார். அவரை வரவேற்றது புதிய ஜனாதிபதி.

மடுவில் கூடியவர்கள் தொகை செய்திக்குச் செய்தி ஏன் மாறுகிறது?

நுழைவுச்சீட்டு இல்லாத கூட்டத்தை யாரும் எண்ணுவதில்லை. உள்ளூர் அதிகாரிகளோ ஏற்பாட்டாளர்களோ சொல்லும் மதிப்பீட்டைத்தான் நிருபர்கள் எழுதுகிறார்கள். சரிபார்க்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் வகுத்த கணக்கு அது: தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி. மூன்று இலட்சம் பேர் என்று யாராவது எழுதினால், நெருக்கி நின்றாலும் அதற்கு 30 ஏக்கருக்கு மேல் வேண்டும், தளர்வாக நின்றால் ஏறத்தாழ 70 ஏக்கர். மடுவைச் சுற்றிலும் காடு என்பதால் மரநிழலில் நின்றவர்கள் வான்படத்தில் தெரியமாட்டார்கள். ஆகவே அங்கே துல்லியமான தொகை என்று யார் எழுதினாலும் நம்பவேண்டாம். ஆவணித் திருவிழாவுக்கு வருவதுபோலவே தமிழரும் சிங்களவரும் இலட்சக்கணக்கில் கூடினார்கள் என்பது போதுமான செய்தி.

இலங்கைக்கு வந்த முதல் திருத்தந்தை இவர்தானா?

மூன்றாமவர். ஆறாம் பவுல் 1970 டிசம்பரிலும், இரண்டாம் யோவான் பவுல் 1995 ஜனவரியிலும் வந்தார்கள். வடக்கே வந்தவர்களில் பிரான்சிஸ்தான் முதல்வர்.

உலக ஊடகங்களில் மடு ஏன் இவ்வளவு விரைவாக மறைந்துபோனது?

உரை கைக்குக் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லமுடியாது. திருத்தந்தையின் விமானத்தில் செல்லும் ஏறத்தாழ 70 செய்தியாளர்களுக்கு உரைகள் முன்கூட்டியே கொடுக்கப்படும். பேசி முடிக்கும்வரை வெளியிடக்கூடாது என்பதுதான் விதி. எல்லோரும் எல்லா இடங்களுக்கும் போவதில்லை. சிறு குழு ஒன்று நேரில் போகும், மற்றவர்கள் ஊடக மையத்தில் திரையைப் பார்த்து எழுதுவார்கள்.

மடுவை மறைத்தது மறுநாள் விமானம். பாரிஸில் ஷார்லி எப்தோ கேலிச்சித்திர இதழின் மீது தாக்குதல் நடந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 15ஆம் திகதி மணிலாவுக்குப் போகும் வழியில் கருத்துச் சுதந்திரம் பற்றிக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற பயண ஏற்பாட்டாளரைக் காட்டி, என் தாயைத் திட்டினால் இவருக்கும் குத்து விழும் என்று பிரான்சிஸ் சொன்னார். உலகம் முழுவதும் அந்தக் குத்துதான் தலைப்பு.

விமானத்தில் நடந்த அதே செய்தியாளர் சந்திப்பில் இலங்கையின் உண்மை அறியும் ஆணைக்குழு பற்றியும் ஒரு கேள்வி வந்தது. அதன் விவரங்கள் தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். இராணுவ ஆட்சிக்குப் பின் தன் நாடான ஆர்ஜென்டினாவில் அமைந்த ஆணைக்குழுவை ஆதரித்ததாகவும், பழிவாங்கலாக இல்லாமல் உண்மையைக் கண்டறிய உதவும் முயற்சிகளை ஆதரிப்பதாகவும் பதிலளித்தார். மடுவில் நின்று அழுதவர்கள் அறிந்திருக்கவேண்டிய பதில் அது. மிகச் சில செய்திகளில்தான் அது வந்தது.