4 டாலர் ஜாடி 1 லட்சம் டாலருக்கு ஏலம்!
அடியைப் புரட்டிப் பார்த்த பெண்ணுக்கு அடித்தது யோகம்

பழைய சாமான் கடையில் ஒரு கண்ணாடிப் பூ ஜாடி. விலை 3 டாலர் 99 சென்ட். அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 330 ரூபாய். சில மாதங்களில் அதே ஜாடி 1 லட்சத்து 7 ஆயிரத்து 100 டாலருக்கு ஏலம் போயிற்று. சுமார் 89 லட்சம் ரூபாய்!

இது கதை அல்ல. 2023-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உண்மைச் சம்பவம்.

"குட்வில்" என்ற தர்ம ஸ்தாபனம் அமெரிக்காவில் பல கடைகளை நடத்துகிறது. வேண்டாத சாமான்களை ஜனங்கள் அங்கே இனாமாகக் கொடுப்பார்கள். கடையில் அவற்றை மலிவாக விற்பார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அப்படி ஒரு கடைக்கு ஒரு பெண் போனார். உயரமான ஜாடி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதன் உடம்பெல்லாம் கருஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டைகள் சுற்றிச் சுற்றிச் சென்றன.

அவர் ஜாடியைப் புரட்டி அடியைப் பார்த்தார். சின்னதாக ஒரு முத்திரை! "முரானோ" என்பது போல் தெரிந்தது. உடனே வாங்கிவிட்டார்.

கண்ணாடித் தீவு

முரானோ என்பது இத்தாலியில் வெனிஸ் நகரத்தை ஒட்டிய தீவு. முன்பு வெனிஸ் நகருக்குள்ளேயே கண்ணாடி உலைகள் எரிந்தன. தீ விபத்துக்கு அஞ்சி, 1291-ம் ஆண்டு உலைகளை எல்லாம் முரானோவுக்கு மாற்றும்படி உத்தரவு பிறந்தது. அன்று முதல் அந்தத் தீவின் பெயரே கண்ணாடிக்குப் பெயர் ஆகிவிட்டது.

ஜாடியைப் பற்றி அந்தப் பெண் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். அது "வெனினி" கம்பெனியின் ஜாடி என்று தெரிந்தது. கார்லோ ஸ்கார்ப்பா என்ற புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் 1942-ல் அமைத்துக் கொடுத்த வகை. அதன் பெயருக்குத் "தூரிகை வீச்சு" என்று பொருள். ஆனால் தூரிகையால் தீட்டியது அல்ல. ஜாடியை ஊதி உருவாக்கும்போதே வர்ணக் கண்ணாடியைச் சேர்த்துவிடுவார்கள். மிகவும் அபூர்வமான வகை.

10 ஆயிரம் டாலர் வேண்டாம்!

ஜாடியை 10 ஆயிரம் டாலருக்குக் கேட்டார்கள். 4 டாலருக்கு வாங்கியவருக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. ரைட் என்ற ஏல நிறுவனத்திடம் ஜாடியைக் காட்டினார். டிசம்பர் 13-ந்தேதி ஏலம் நடந்தது. ஐரோப்பாவைச் சேர்ந்த ஒருவர் எடுத்தார். ஏல நிறுவனத்தின் பங்கு போக, சுமார் 83 ஆயிரத்து 500 டாலர் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

கண்டுபிடிப்பது எப்படி?

அடி: கையால் ஊதிய ஜாடியை இரும்புக் கம்பியில் ஒட்டி வைத்து வாயை வடிவாக்குவார்கள். பிறகு கம்பியைத் தட்டி எடுப்பார்கள். அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். சில ஜாடிகளில் அதைத் தேய்த்து மழமழப்பாக்கி இருப்பார்கள்.

பக்கம்: மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடினால், அது அச்சில் வார்த்ததன் அடையாளம்.

தேய்மானம்: பல வருடம் புழங்கிய ஜாடியின் அடியில் நுண்ணிய கீறல்கள் தாறுமாறாக இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். உப்புத்தாள் வேலையாக இருக்கலாம்!

நிறம்: மேலே பூசிய வர்ணம் சுரண்டினால் உரியும். கண்ணாடியோடு உருகிய நிறம் உரியாது. கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். தங்கம் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு வரும். யுரேனியம் சேர்த்த மஞ்சள் பச்சைக் கண்ணாடியும் உண்டு. கள்ள நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் அதன் மேல் காட்டினால் பச்சையாக ஒளிரும்.

முத்திரை: ஒட்டிய சீட்டை மட்டும் நம்பக் கூடாது. ஒன்றில் உரித்து இன்னொன்றில் ஒட்டிவிடலாம். ஆனால் பழைய சீட்டு இருந்தால் கழுவிப் போக்கிவிடவும் கூடாது. அதுவும் ஒரு சாட்சிதான்.

வர்ண ஜாடி எல்லாம் லட்சம் பெறாது. பெரும்பாலானவை சாதாரணச் சரக்குதான். ஆனால் எது சாதாரணம், எது அபூர்வம் என்று தெரியாமல் விற்பவருக்குத்தான் நஷ்டம். 10 ஆயிரம் டாலருக்கு அந்தப் பெண் தலையாட்டி இருந்தால், சுமார் 73 ஆயிரத்து 500 டாலர் கைநழுவிப் போயிருக்கும்.

பரண் மேல் கிடக்கும் கண்ணாடி ஜாடியைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன், ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்!