அவளுக்கு அரைமணி நேரம்!

பேருந்து நிலையத்துச் சுவரிலே ஒட்டியிருக்கிறார்கள். கைப்பேசித் திரையிலே கூவுகிறார்கள். “மாதவிலக்குக் கோளாறா? நீர்க்கட்டியா? இதோ இயற்கைச் சூரணம்! ஏழே நாளில் குணம்!” என்ன மூலிகை, எவ்வளவு அளவு, யார் சோதித்தது? அதற்கு ஒரு வரி கிடையாது. விலை மட்டும் கொட்டை எழுத்தில்! கூலி வாங்கிய கையோடு அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தோழர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

“இது பெண்கள் சமாச்சாரமாயிற்றே, ஆண்கள் கூடிப் படிக்கும் ஏட்டில் இது எதற்கு?” என்று கேட்போர் உளர். பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி ஒதுக்கித்தான் அந்த நோயை வளர்த்தோம்! ஈன்றெடுக்கும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களிலே நூற்றுக்கு எழுபது பேர்வரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களாம். அந்த எழுபதில் ஒருத்தி நம் தங்கையாக இருக்கலாம், மகளாக இருக்கலாம்.

நீர்க்கட்டி என்கிறோமே, அவை உண்மையில் கட்டிகளே அல்ல! முதிராமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப் பைகள். 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் என்ற இருவர், ஏழு பெண்களைச் சோதித்து இந்நோயை விவரித்து எழுதினர். அன்று அவர்கள் கண்ட மருத்துவம் கத்தி. சினைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுப்பது! இன்றோ, முதற்படி தட்டிலும் காலிலும் இருக்கிறது என்கிறது மருத்துவ உலகம்.

எப்படி? உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் தசைக்குள் கொண்டு சேர்க்கும் ஹார்மோன் இன்சுலின். தசை அதன் சொல்லுக்கு இணங்க மறுத்தால், உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, ஆண் ஹார்மோன் அளவுக்கு மேல் பெருகுகிறது. முட்டை முதிர்வதில்லை, மாதவிலக்கு தள்ளிப் போகிறது, முகத்திலே முடியும் பருவும் தோன்றுகின்றன. பரம்பரையும் இதற்கு ஒரு காரணம். மெலிந்த பெண்களுக்கும் வருவதுண்டு. ஆகவே, “தின்று கொழுத்ததால் வந்தது” என்று பழிக்கும் வாய்களை மூடச் சொல்லுங்கள்!

உழைக்கும் தசையோ இன்சுலினுக்காகக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் நடை மருந்தாகிறது. வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாளைக்கு அரைமணி நேர வேக நடை. தட்டிலே சோற்று மலையைப் பாதியாக்கி, பயறும் சுண்டலும் கீரையும், முடிந்தால் முட்டையும் மீனும் சேர்ப்பது. இனிப்புத் தேநீரையும் குளிர்பானத்தையும் குறைப்பது. இரவிலே நிம்மதியான உறக்கம். எடை மிகுந்தவர் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே, பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. இதுதான் இயற்கை வைத்தியம். பொட்டலத்தில் இல்லை, காசும் அதிகம் இல்லை!

காசு வேண்டாம், சரி. நேரம்? அது யாரிடம் இருக்கிறது? இந்திய அரசு 2019இல் எடுத்த நேரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண், ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். அதிலும் நூற்றில் 81 பெண்கள் அவ்வேலை செய்ய, ஆண்களில் செய்தோர் 26 பேர்தான்! ஐந்து மணி நேரம் அடுப்படி தின்றுவிட்ட பிறகு, அரைமணி நடை எங்கிருந்து வரும்?

“வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே!” என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்பார்கள். அடுப்பின் முன்னே நிற்பதால் கால் கடுக்கும். நெஞ்சு வேகமாகத் துடிக்காது, தோழரே! வேக நடை வேறு, வேலைச் சுமை வேறு. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று ஆலை வாயிலில் முழங்கிய நாம், அடுக்களை வாயிலில் ஊமையாவது நியாயமா? மாலையில் பாத்திரத்தை நாம் துலக்கினால் அவள் நடக்கலாம். இருட்டுத் தெருவுக்குத் துணை வேண்டுமா? கூட நடப்போம். நமக்கும் அது நல்லதே!

ஒன்றை மறவாதீர். நடையால் எல்லாம் தீரும் என்று நாம் சொல்லவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவுற்றிருக்கிறாளா என்பதை முதலில் பார்ப்பார்கள், தைராய்டையும் சோதிப்பார்கள். தைராய்டு சுரக்காவிட்டால் அதற்குரிய மாத்திரைதான் வழி. நடை அதற்கு ஈடாகாது. விலக்கே வராமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் அபாயமும் கூடும். சர்க்கரை நோயும் வாசலில் காத்திருக்கும். அரசு மருத்துவமனை இருக்கையில் சுவரொட்டி வைத்தியன் எதற்கு?

குழந்தை பிறக்கத் தாமதமானால், “மலடி” என்று ஒரு சொல்லை எடுத்து வீசுகிறது ஊர். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஆணுக்கு அப்படியொரு வசைச்சொல் புழக்கத்தில் உண்டா? சோதனைக்கு அவளை மட்டும் அனுப்பிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவன், நோயைக் கண்டு அஞ்சவில்லை. உண்மையைக் கண்டு அஞ்சுகிறான்! இருவரும் செல்க, இருவரும் சோதித்துக்கொள்க. நீர்க்கட்டி உள்ள பெண்கள் உரிய மருத்துவத்தால் தாயாவது இன்று அன்றாட நிகழ்ச்சி.

சூரணத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பயறுக்குக் கொடுங்கள். வசைக்குச் செலவிடும் நாவைக் கொஞ்சம் அடக்குங்கள். அவளுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். அது தானம் அல்ல, தோழர்களே; நாம் நெடுநாளாக அவளுக்குப் பட்டிருக்கும் கடன்!